புகையாத வீடு

எங்கள் அப்பா மலையிலிருந்து இறக்கிய கரியில்தான் சேந்தமங்கலத்துக்கு பஸ் ஓடியது. இதைச் சொல்லிக்கொண்டு நான் பள்ளிக்கூடத்தில் கொஞ்ச காலம் தலை நிமிர்ந்து திரிந்தேன். உலகச் சண்டை நடந்துகொண்டிருந்தது. பெட்ரோல் கிடைக்கவில்லை. பஸ்ஸின் பின்பக்கம் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு உருளையை மாட்டி, அதில் கரியைக் கொட்டிப் பற்றவைத்து, அதிலிருந்து கிளம்பும் வாயுவைக் கொண்டு எஞ்சினை ஓட்டினார்கள். மேடு வந்தால் ஆண்கள் இறங்கித் தள்ளுவார்கள். பெண்கள் உட்கார்ந்தபடியே சாமியைக் கும்பிடுவார்கள். இரண்டும் சேர்ந்துதான் வண்டி மேடேறும்.

வண்டி கிளம்புவதற்கு முன் கிளீனர் ஒருவர் உருளைக்குப் பக்கத்தில் இருந்த கைப்பிடியை வெகுநேரம் சுற்றுவார். நாங்கள் சூழ்ந்து நின்று வேடிக்கை பார்ப்போம். கிட்டே போனால் விரட்டுவார்.

"தள்ளி நில்லுங்க சாமி. உள்ள இருக்கற காத்து பொல்லாதது."

எங்கள் பக்கத்தில் காத்து என்றால் வீசுகிற காற்று மட்டும் இல்லை. வேளை கெட்ட வேளையில் புளியமரத்தடியில் போனால் பிடித்துக்கொள்வதும் காத்துதான். கிளீனர் எதைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. உருளைக்குள் ஒரு பேயைப் பிடித்து அடைத்து, அதைக் கொண்டு பஸ்ஸை இழுக்கவைக்கிறார்கள் என்று எனக்கு நானே முடிவு கட்டிக்கொண்டேன். அந்தப் பேய்க்கு எங்கள் அப்பா தீனி அனுப்புகிறார் என்பதில் பயமும் இருந்தது, பெருமையும் இருந்தது.

கொல்லிமலையில் அப்பா ஒரு கூப்பு எடுத்திருந்தார். மரம் வெட்டிக்கொள்ள அரசாங்கம் விடுகிற காட்டுத் துண்டுக்குத்தான் கூப்பு என்று பெயர். அங்கேயே மரத்தை அடுக்கி, மண் போட்டு மூடி, மூட்டம் போட்டுக் கரியாக்கி, தலைச்சுமையாகக் காரவள்ளி அடிவாரத்துக்கு இறக்குவார்கள். மூட்டம் போடுகிறவர்கள் மலைக்காரர்கள். அப்பாவின் வேலை மேற்பார்வை பார்ப்பதும், அவ்வப்போது சத்தம் போடுவதும்.

மலைக்குளிரை அப்பா தன் சொந்தப் பகையாளியாகவே நினைத்தார். முதல் வருஷம் மலைக்காரர் வீடொன்றில் தங்கிவிட்டு, கண் சிவந்து, இருமிக்கொண்டு வந்தார். உடம்பெல்லாம் ஒரே புகை வாடை. அந்த வீடுகளுக்கு நடுவில் எந்நேரமும் அணையாத அடுப்பு ஒன்று உண்டு. புகைபோக்கி கிடையாது, சன்னல் கிடையாது. புகை, பரணில் கிடக்கிற சாமையையும் ராகியையும் தடவிக்கொண்டு, கூரைப்புல் வழியாகத் தானே கசிந்து வெளியே போகும். "மனுசன் இருப்பானா அதுக்குள்ள" என்று சொல்லிவிட்டு, அடுத்த வருஷமே அப்பா மலையில் தனக்கென்று ஒரு வீடு கட்டினார்.

அதைக் கட்டிய விதத்தை அப்பா சொல்லக் கேட்க வேண்டும். சுவர் ஒன்றரை முழக் கனம். கூரைக்குக் கீழ்நாட்டு ஓடு, ஒவ்வொன்றும் தலையில் ஏறி வந்தது. ஓட்டுக்கு அடியில் மூங்கில் பாய் பரப்பி, அதன் மேல் மண்ணும் சாணியும் குழைத்துப் பூசியிருந்தது. இரண்டு சன்னல்களுக்கும் பலகைக் கதவு, இடுக்கில் தேங்காய் நார். புகை உள்ளே வரக்கூடாது என்று சமையலுக்குத் தனியாக நாலடி தள்ளி ஒரு சாளை போட்டிருந்தார். "அந்த ஊட்டுக்குள்ள எறும்பு பூரணும்னாலும் என்னக் கேட்டுட்டுத்தான் பூரணும்" என்பார்.

எனக்கு எட்டு வயதான அந்த ஐப்பசியில், ஊரில் வாந்திபேதி வந்தது. எங்கள் தெருவிலேயே ஒரு வாரத்தில் மூன்று பேர் போய்விட்டார்கள். காலையில் யார் வீட்டில் அழுகுரல் கேட்கிறதோ என்று காதைப் பொத்திக்கொண்டு கண் விழித்த நாட்கள் அவை. அம்மா அப்போது ஏழு மாதம் முடிந்த கர்ப்பிணி. முறைப்படி பிரசவத்துக்குத் தாய்வீடான வெண்ணந்தூருக்குப் போக வேண்டும். அங்கேயும் அதே நோய் என்று ஆள் வந்து சொன்னான். அப்பா யோசித்து, அம்மாவை டோலியில் தூக்கிவைத்து மலைக்குக் கொண்டுபோனார். நானும் அப்பாவின் அக்காவான அத்தையும் பின்னால் நடந்தோம். அத்தை சிறுவயதிலேயே கணவனை இழந்து எங்களோடு இருந்தவள். அப்பா ஊருக்கெல்லாம் சத்தம் போடுவார். அத்தையிடம் மட்டும் வாய் திறக்கமாட்டார்.

மலையில் முதல் விடியலில் எழுந்து கதவைத் திறந்தவள் அலறிவிட்டேன். பள்ளத்துக்கு அப்பால், எதிர்ச்சரிவில், ஒரு புல்வீடு முழுக்கப் புகைந்துகொண்டிருந்தது. கூரையின் ஒவ்வொரு இடுக்கிலிருந்தும் புகை எழுந்தது. கீழ்நாட்டில் சித்திரை மாதத்தில் கூரை இப்படிப் புகைந்தால் அடுத்த நிமிஷம் தெருவே எரியும். "ஊடு பத்திக்கிச்சு" என்று நான் கத்த, அப்பா வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். அது அப்படித்தான் எப்போதும் புகையும் என்றார். குளிர்காலையில் குளித்து எழுந்த எருமை போல அந்த வீடு ஆவி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதிலிருந்து ஒரு பெண் குனிந்து வெளியே வந்து, எங்கள் பக்கம் பார்த்து நின்றாள். அவள் புருஷன்தான் அப்பாவுக்கு மூட்டம் போடுகிறவன். அவள் பெயரை நாங்கள் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. எங்களுக்கு அவள் எதிர்ச்சரிவுக்காரி.

கார்த்திகையில் தம்பி எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டான். ஒரு முழம்கூட இல்லை. அழுதால் பூனைக்குட்டிச் சத்தம். அத்தைதான் பிரசவம் பார்த்தாள். பிள்ளையைத் துணியில் சுற்றிவிட்டு அத்தை அப்பாவிடம் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "சூடு இருந்தாப் பொழைப்பான். ஒரு சாமம் சூடு போச்சுன்னா புள்ள போச்சு."

அன்றிலிருந்து அந்த வீட்டில் எங்களுக்கு வேறு நினைப்பு இல்லை. மூட்டத்திலிருந்து தேர்ந்தெடுத்த கரி வந்தது. அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் குமுட்டி அடுப்பு கனன்றது. புகை இல்லை, சாம்பல் பறக்கவில்லை, சுவரில் கரி படியவில்லை. "பச்ச ஒடம்புக்காரி மேல காத்துப் படக்கூடாது" என்று அத்தை ஒரு கதவு, இரண்டு சன்னல் எதையும் தேவைக்கு மேல் திறக்கவிடவில்லை. காத்து என்று அவள் சொன்னதில் வீசுகிறதும் அடக்கம், பிடிக்கிறதும் அடக்கம்.

எதிர்ச்சரிவுக்காரி காலையில் விறகுக் கட்டோடு வந்து வாசலுக்குத் தள்ளி நிற்பாள். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, எங்கள் கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"ஏனுங்க, ஊடு பொகையலீங்களே?"

அத்தைக்கு வந்ததே கோபம். எங்கள் ஊரில் ஒரு வீடு புகைகிறது என்றால் தீப்பிடித்தது என்று பொருள், இல்லையென்றால் உள்ளே சண்டை என்று பொருள். நல்லது எதுவும் இல்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து அம்மாவிடம் பொரிந்தாள். "பச்சப்புள்ள இருக்கற ஊட்டப் பாத்துக் கேக்கற கேள்வியா இது? இன்னும் பொகையலையேன்னு ஏக்கம் அவளுக்கு."

அடுத்த நாளும் அவள் அதையே கேட்டாள். அதற்கடுத்த நாளும் கேட்டாள். கேட்டுவிட்டுப் போகாமல் கொஞ்ச நேரம் கூரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தச் சமயம் பார்த்து எங்கள் எல்லோருக்கும் தலைவலி. எனக்கு விடிந்தால் தலை கனத்தது, கதவுக்கு வெளியே போய் விளையாடினால் சரியாகிவிடும். அம்மாவுக்குச் சரியாகவே இல்லை. கண்ணேறு என்று அத்தை முடிவு கட்டி, மிளகாயும் உப்பும் சுற்றி அதே குமுட்டியில் போட்டாள். நாங்கள் எல்லோரும் கண்ணீர் வழிய இருமினோம். அப்படியும் அத்தை நெடி கம்மி என்று தீர்ப்புச் சொன்னாள். அந்தப் பொம்பளையின் கண் அவ்வளவு பொல்லாததாம்.

அதற்குப் பிறகு எனக்கு எதிர்ச்சரிவைப் பார்க்கவே பயம். இங்கிருந்து பார்த்தால் அவள் அங்கே நின்று இங்கே பார்த்துக்கொண்டிருப்பாள். மூடுபனி வந்து அவளை மறைத்தால் இன்னும் பயம். எங்கே நிற்கிறாள் என்று தெரியாதே. பள்ளத்தைத் தாண்டி வந்துவிட்டாளோ என்று சுவரை ஒட்டியே நடப்பேன். தம்பியைத் தூக்கிப் போகத்தான் அலைகிறாள் என்று அத்தை சொன்னாளா, நானே கோத்துக்கொண்டேனா, இப்போது நினைவில்லை.

அந்த நாளும் வந்தது. அப்பா முந்தின நாளே கரிச்சுமையோடு அடிவாரம் போயிருந்தார், சாயங்காலம் வருவதாகப் பேச்சு. காலையிலிருந்து சாரலும் எதிர்காற்றும். மேற்குச் சுவரும் கூரையும் சேருகிற இடத்தில் விரல் கனத்துக்கு ஓர் இடைவெளி இருந்தது. அத்தை ஏணி போட்டு ஏறி அதில் கோணிப்பையைத் திணித்தாள். கதவுக்குக் கீழே பழைய புடவையைச் சுருட்டி வைத்தாள். குமுட்டியில் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு கரி போட்டாள். உச்சிப்பொழுதில் சாரல் கொஞ்சம் விட்டது. அத்தை தீட்டுத்துணிகளைக் கூடையில் அள்ளிக்கொண்டு, தொலைவில் இருந்த ஊற்றுக்குக் கிளம்பினாள். போகும்போது என்னிடம் பனையோலை விசிறியைக் கொடுத்தாள்.

"கரி மேல சாம்பல் பூக்க உடாத கண்ணு. விசிறிட்டே இரு. தம்பி உசுரு உன் கையிலதான் இருக்குது."

"செரிங்க அத்தை."

"தாப்பாளப் போட்டுக்க. நான் வந்து கூப்புடற வரைக்கும் யாரு கூப்புட்டாலும் தொறக்காத. அவ வந்தா வாயே தொறக்காத."

தாழ்ப்பாளைப் போட்டேன். புடவைச் சுருளைக் கதவோடு ஒட்டித் தள்ளிவைத்தேன். அப்புறம் உட்கார்ந்து விசிறினேன். எனக்கு இவ்வளவு பெரிய வேலையை அதுவரை யாரும் கொடுத்ததில்லை. கரி கனிந்து கனிந்து செம்பருத்தியாய் ஆயிற்று. அறை கதகதவென்று இருந்தது. அம்மா தூங்கினாள். பிள்ளை பெற்றதிலிருந்து வெளுத்துக் கிடந்த அவள் முகம் நன்றாகச் சிவந்திருந்தது. தம்பி முகமும் சிவந்திருந்தது. சூடு ஏறுகிறது, தம்பி பிழைத்துக்கொள்வான் என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இன்னும் வேகமாக விசிறினேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. நெற்றியைச் சுற்றிக் கயிறு கட்டி இறுக்குகிற மாதிரி வலி வந்தது. விசிறி கனத்தது. வாயில் எச்சில் ஊறி, பக்கத்திலேயே வாந்தி எடுத்தேன். வாந்தி என்றதும் எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது. நோய் நம்மைத் தேடி மலைக்கே வந்துவிட்டது என்று நடுங்கி அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மா பதில் சொல்லவில்லை. தோளைப் பிடித்து உலுக்கினேன். அவள் கை கட்டிலிலிருந்து நழுவித் தொங்கியது, எடுத்து வைத்தால் மறுபடியும் தொங்கியது. தொண்டையிலிருந்து ஒரு குறட்டை வந்தது. அது அம்மாவின் குறட்டை இல்லை. தம்பியின் வாய் திறந்தபடி இருந்தது, சத்தம் இல்லை.

காத்துதான் என்று எனக்குப் பட்டது. ஆனால் அது எப்படி வரும்? கதவு தாழ்ப்பாள் போட்டிருக்கிறது. சன்னல் அடைத்திருக்கிறது. இருந்த ஓர் இடைவெளியையும் அத்தை கோணியால் அடைத்துவிட்டாள். அப்படியானால் அது வெளியிலிருந்து வரவில்லை, உள்ளேயே எங்களோடு இருக்கிறது. என் வாழ்நாளில் அதற்குப் பிறகு எத்தனையோ பயந்திருக்கிறேன், அந்த மாதிரி பயந்ததில்லை.

எழுந்து நிற்க முடியவில்லை. தவழ்ந்து கதவுக்குப் போனேன். அத்தையின் கால் தெரிகிறதா பார்க்கலாம் என்று புடவைச் சுருளை இழுத்துத் தள்ளிவிட்டு, தரையில் படுத்து, கதவின் அடியிடுக்கில் முகத்தை வைத்தேன். குளிர்காற்று மூக்கில் அடித்தது. வாசலில் இரண்டு கால்கள் நின்றன. வெடித்த பாதம், மெட்டி இல்லை, கணுக்கால் வரை சேறு. அத்தையின் கால் இல்லை.

"சாமி, கதவத் தொற."

நான் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"உள்ள யாரு? சின்னப்புள்ளையா? அம்மா முழிச்சிருக்காங்களா?"

வாயே திறக்கக்கூடாது என்றுதான் அத்தை சொல்லியிருந்தாள். ஆனால் அம்மா என்று கேட்டதும் அழுகை வந்துவிட்டது. "தூங்கறாங்க" என்றேன்.

"எழுப்பு சாமி."

"எழமாட்டேங்கறாங்க."

கால்கள் சட்டென்று திரும்பின. அப்புறம் காணாமல் போயின. போய்விட்டாள் என்று நினைத்தேன். தலைக்கு மேல் ஓடு நொறுங்கியது. கொடுவாள் மூங்கில் பாயை வெட்டுகிற சத்தம் கேட்டது. மண்ணும் சாணிப் பூச்சும் என் மேல் கொட்டின. கூரையில் ஒரு வெளிச்சம் தெரிந்து, அதற்குள் பனிமூட்டம் இறங்கி, அதற்குள்ளிருந்து அதே இரண்டு சேற்றுக் கால்கள் இறங்கின. நான் கத்தினேன் என்று நினைக்கிறேன். குரல் வந்ததா என்று தெரியவில்லை.

அவள் குதித்ததும் தாழ்ப்பாளை நீக்கிக் கதவை எட்டி உதைத்தாள். தம்பியைத் தூக்கித் தன் மாராப்புக்குள் செருகிக்கொண்டாள். நான் பயந்தது அப்படியே நடந்தது. அம்மாவை அக்குளில் கைகொடுத்துக் கட்டிலிலிருந்து இழுத்து, தரையோடு இழுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். பச்சை உடம்புக்காரியை, அந்தச் சாரலில். தம்பி உயிர் என் கையில் இருக்கிறது என்று அத்தை சொன்னாளே. நான் பாய்ந்து அவள் முன்கையைக் கடித்தேன். பல் இறங்குகிற வரை கடித்தேன். அவள் உதறவில்லை. ஒரு கையில் என்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டே போனாள்.

வாசலில் அம்மாவைக் கிடத்தி, உள்ளங்காலைத் தேய்த்தாள், கன்னத்தில் அறைந்தாள். அம்மாவை ஒருத்தி அறைந்து நான் பார்த்தது அதுதான் முதல்முறை. தம்பியை வெளியே எடுத்து, தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டினாள், வாயில் வாய் வைத்து ஊதினாள். நான் ஈரத்தில் உட்கார்ந்து, தெரிந்த சாமி பெயரையெல்லாம் சொன்னேன். வெகுநேரம் கழித்துப் பூனைக்குட்டிச் சத்தம் ஒன்று கேட்டது. அப்புறம் அம்மா புரண்டு வாந்தி எடுத்தாள்.

எதிர்ச்சரிவுக்காரி குரல் கொடுத்து, புருஷனும் இன்னும் இரண்டு பேரும் ஓடிவந்து அம்மாவைப் பள்ளம் தாண்டித் தூக்கிப்போனார்கள். அவள் வீட்டுக்குள் குனிந்து நுழைந்தேன். இருட்டு. கண் எரிந்தது, தொண்டை கமறியது. ஆனால் கதவு தட்டியால் ஆனது. கூரையில் வெளிச்சம் பொட்டுப்பொட்டாகத் தெரிந்தது. ஒரு முழம் கனமான புல் குளிரை வெளியே நிறுத்தியிருந்தது. அம்மாவை அடுப்புக்குப் பக்கத்தில் படுக்கவைத்தார்கள். தம்பியைத் துணியெல்லாம் அவிழ்த்துத் தன் வெறும் மார்போடு ஒட்டிவைத்து, மேலே கம்பளியைப் போர்த்திக்கொண்டு அவள் உட்கார்ந்தாள். என் பல் பட்ட இடத்திலிருந்து ரத்தம் முழங்கைக்கு வழிந்து காய்ந்திருந்தது.

அம்மா நன்றாகக் கண் விழித்துத் தண்ணீர் கேட்ட பிறகு, அவள் தம்பியை அம்மாவின் மேல் வைத்து மூடிவிட்டு, என்னைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்குத் திரும்பப் போனாள். குமுட்டி இன்னும் கனன்றுகொண்டிருந்தது. பக்கத்தில் விசிறி கிடந்தது. அவள் இரண்டையும் பார்த்தாள்.

"வெசிறினது யாரு சாமி?"

"நாந்தான்" என்றேன். பயத்திலும் அதைச் சொல்லும்போது கொஞ்சம் பெருமையாக இருந்தது.

அவள் என்னைப் பார்த்தாள். ஈரச்சாக்கால் குமுட்டியைப் பிடித்துத் தூக்கிப்போய்ப் பள்ளத்தில் எறிந்தாள். விசிறியையும் எறிந்தாள். திரும்பி வந்து என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கரிக்கையால் என் மோவாயைப் பிடித்தாள்.

"நீ வெசிறினேன்னு ஒருத்தருகிட்டயும் சொல்லாத. உசுரே போனாலும் சொல்லாத. தெரிஞ்சுதா?"

எனக்குத் தெரிந்துபோயிற்று. சொன்னால் கொன்றுவிடுவாள்.

அத்தை ஊற்றிலிருந்து திரும்பி, பொத்தல் விழுந்த கூரையையும் காலிக் கட்டிலையும் பார்த்து வயிற்றில் அடித்துக்கொண்டு ஓடிவந்தாள். பொழுது சாய்கிறபோது அப்பா வந்தார். என்ன நடந்தது என்று அப்பா என்னைத்தான் கேட்டார். நான் கண்டதைச் சொன்னேன். ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. அவள் கூரையை உடைத்தாள், அம்மாவைத் தரையோடு இழுத்தாள், அறைந்தாள், தம்பியைத் தலைகீழாகப் பிடித்தாள், நம் குமுட்டியைப் பள்ளத்தில் எறிந்தாள். விசிறியை மட்டும் சொல்லவில்லை. என் பல்லின் அடையாளத்தை அவள் கையில் பார்த்து அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

"எதுக்குடி ஓட்டை ஒடச்ச?" என்று அவளைக் கேட்டார்.

"பொகையக் காணோமுங்க. அதான்."

"கரிக்கு ஏதுடி பொகை?"

"அதாங்க. பொகையில்லாத நெருப்ப நாங்க ஊட்டுக்குள்ள வெக்கறதில்லீங்க. பொகை இருந்தாத்தான் காத்து வெளிய போறது தெரியும்."

"கதவெல்லாம் சாத்தி, யாரு அடுப்பப் பாத்துட்டிருந்தது?" என்று அப்பா பொதுவாகக் கேட்டார். அத்தை வாய் திறப்பதற்குள் எதிர்ச்சரிவுக்காரி முந்திக்கொண்டாள். "யாரும் பாக்கலீங்க. தன்னாலதான் எரிஞ்சுட்டிருந்துச்சு" என்றாள். சொல்லும்போது என்னைப் பார்த்தாள். நான் அப்பாவின் பின்னால் ஒளிந்தேன்.

அம்மா ஏதோ சொல்லப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் நினைவில்லை, "அவ கை சூடா இருந்துச்சுங்க" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். பிள்ளைபெற்றவளின் பிதற்றல் என்று அத்தை அவள் வாயை அடைத்தாள். அந்தப் புல்வீடு கூப்பு நிலத்தில் இருந்தது. மறுநாளே காலி செய்யச் சொல்லி அப்பா உத்தரவு போட்டார். மூட்ட வேலையும் இல்லை என்றார்.

தம்பி பிழைத்தான். நன்றாகவே பிழைத்தான், இன்றைக்குப் பேரன் எடுத்துவிட்டான். பத்து வயதில் அவனை நாமக்கல் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போன அன்று பஸ் ஸ்டாண்டில் அந்தப் பழைய கிளீனரைப் பார்த்தேன். கரி பஸ்ஸெல்லாம் அதற்குள் போய்விட்டன. அவர் டிரைவராகியிருந்தார். பேச்சுவாக்கில் உருளைக் காலத்தைப் பற்றிச் சொன்னார்.

"அந்தக் காத்துல எங்கூட்டாளி ஒருத்தன் போய்ட்டான்மா. மழைக்கு ஷெட்டைச் சாத்திட்டு உருளை பக்கத்துல படுத்தான். கரி அரைகுறையா எரிஞ்சா அந்த வாயு வரும். வாசமில்ல, பொகையில்ல. காலைல பாத்தா மூஞ்சி செவசெவன்னு, நல்லாத் தூங்கறவனாட்டம் கெடந்தான்."

தம்பி பக்கத்தில் முறுக்குத் தின்றுகொண்டிருந்தான். நான் அவன் முகத்தைப் பார்த்தேன். என் வலது கை தானாகப் புடவைத் தலைப்புக்குள் போய் ஒளிந்துகொண்டது. அதிலிருந்து இன்றுவரை அந்தக் கையால் நான் விசிறி பிடித்ததில்லை. அப்பாவிடம் சொல்லவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை. மலைக்குச் சாலை போட்ட பிறகு இரண்டு தடவை போய்த் தேடினேன். பெயர் தெரியாமல் யாரைத் தேடுவது? முன்கையில் பல் தழும்பு இருக்கும் என்று எத்தனை பேரிடம் சொல்ல முடியும்?

அவர்கள் கிளம்பிய காலை மட்டும் அழியாமல் இருக்கிறது. முந்தின நாள்வரை புகைந்த எதிர்ச்சரிவு வீடு அன்று புகையவில்லை. புருஷன் தலையில் பரண் மூங்கில்களும், அவள் கையில் ஒரு மண்சட்டியும். சட்டியில் அவர்கள் அடுப்பிலிருந்து எடுத்த நெருப்பு புகைந்துகொண்டே போனது. எங்கள் வாசலைத் தாண்டும்போது அவள் நின்றாள். அப்பாவையோ அத்தையையோ பார்க்காமல், என்னைப் பார்த்து, கட்டுப்போட்ட கையைத் தூக்கி உதட்டின் மேல் ஒரு விரலை வைத்தாள்.

போகிற போக்கிலும் என்னை மிரட்டுகிறாள் என்று நான் அப்பாவின் வேட்டியில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். அவள் பாதை திரும்பி மறைந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.